பெட்டி பாடக் கூடாது: ஊவா மலைநாட்டில் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஏற்ற அதிர்வுத் தணிப்புப் பொருட்கள்

மாசி பிறந்து காமன் கூத்துக்கு நாள் குறித்ததும், தோட்டத்துத் தப்புக்காரர்கள் கூத்து நடக்கும் இடத்தின் ஓரத்தில் முதலில் தீ மூட்டுவார்கள். காய்ந்த மானாப்புல்லோ சருகோ எரிய, தப்பின் தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காட்டுவார்கள். மலைப் பனியில் ஈரம் குடித்துத் தொய்ந்த தோல் சூடேறி இறுகிய பிறகுதான் தப்பு கணீரென்று பேசும். விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் கூட்டவும் ஒரு காலத்தில் இதே தப்புத்தான் ஒலித்தது. ஒரு பொருள் எப்படி ஒலிக்கும் என்பதை அதன் இறுக்கமும் எடையும் ஈரமும் தீர்மானிக்கின்றன என்ற அறிவு மலையகத்துக்குப் புதிதல்ல.

ஸ்பீக்கர் பெட்டி தப்புக்கு நேர் எதிரான பொருள். தப்பு தானே பாட வேண்டும். பெட்டியோ பாடவே கூடாது. ஸ்பீக்கரின் கூம்பு எழுப்பும் ஒலியோடு தன் பங்குக்கு எதையும் அது சேர்க்கக் கூடாது. பதுளை, பண்டாரவளை, பசறை, அப்புத்தளைப் பக்கம் வீட்டிலேயே பெட்டி அடிக்க முனையும் எவருக்கும் பலகை வெட்டி முடித்ததும் எழும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே எதைப் போடுவது? பஞ்சா, ஃபோமா, தும்பா, சாக்கா? ஆளுக்கொரு பதில் கிடைக்கும். பதில்கள் வேறுபடுவதற்குக் காரணம், அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருப்பதுதான்.

பெட்டியின் பலகை தானே பாடிவிடும் என்பதற்குத் தேயிலையின் வரலாற்றிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. காகிதச் சாக்குகள் வருமுன் இலங்கைத் தேயிலை மெல்லிய பிளைவூட் பெட்டிகளில்தான் கப்பலேறியது. விளிம்புகளில் தகரப் பட்டி, உள்ளே அலுமினியத் தாள். காலிக்கு அருகே கிந்தோட்டையில் இருந்த அரசாங்கப் பிளைவூட் தொழிற்சாலை இந்தப் பெட்டிகளுக்கான பலகையைச் செய்தது. இங்கிலாந்தில் தேயிலை இறக்கிய பின் வெறுமையான பெட்டிகளை 1950களின் இளைஞர்கள் கவிழ்த்து வைத்து, ஒரு தடியும் ஒரு கயிறும் கட்டி, அடித்தந்தி வாத்தியமாக்கினார்கள். 1956இல் ஜோன் லெனன் லிவர்பூலில் தொடங்கிய குவாரிமென் குழுவிலும் இந்தத் தேயிலைப் பெட்டி வாத்தியம் இருந்தது. பிற்காலத்துப் பீட்டில்ஸ் அந்தக் குழுவிலிருந்து வளர்ந்ததுதான். கயிற்றின் அதிர்வை வாங்கித் தானும் அதிர்ந்து பெரிதாக்கும் மெல்லிய பலகை அந்தப் பெட்டியை வாத்தியமாக்கியது. ஸ்பீக்கரை ஏற்ற அந்தப் பெட்டி ஆகாது என்பதற்கும் அதே மெல்லிய பலகைதான் காரணம்.

இரண்டு நோய்கள்

கூம்பு முன்னால் எவ்வளவு ஒலியைத் தள்ளுகிறதோ அவ்வளவையும் பின்னாலும் தள்ளுகிறது. பின்னால் போன ஒலி பெட்டிக்குள் அடைபட்டு இரண்டு வழிகளில் தொல்லை தருகிறது.

முதலாவது, காற்றின் நோய். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி முட்டித் திரும்பும்போது, பாடசாலையில் நின்ற அலை என்று படிக்கும் நிலை உண்டாகிறது. உள்ளளவு 40 சென்ரிமீற்றர் உயரம், 30 அகலம், 25 ஆழம் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். கொள்ளளவு 30 லீற்றர். ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர். ஆகவே உயரத்தில் சுமார் 430 ஹேர்ட்ஸிலும், அகலத்தில் 570இலும், ஆழத்தில் 690இலும் நின்ற அலைகள் எழும். மூன்றும் மனிதக் குரலின் நடுப்பகுதி. மெல்லிய காகிதக் கூம்பு இவற்றைத் தடுக்காது. உள்ளே சுழன்ற ஒலி சற்றுத் தாமதித்து அதன் வழியே வெளியே கசியும். பாடுபவர் குடத்துக்குள் வாயை வைத்துப் பாடுவதுபோல் கேட்பது இதனால்தான்.

இரண்டாவது, பலகையின் நோய். உள்ளே ஏறி இறங்கும் காற்றமுக்கமும், ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்திலிருந்து நேரடியாக ஏறும் அதிர்வும் பலகைகளை ஆட்டுகின்றன. ஒவ்வொரு பலகைக்கும் அது விரும்பி அதிரும் மீடிறன்கள் உண்டு. அந்தச் சுரம் பாட்டில் வரும்போது பலகை பரிவுற்று, பாட்டு நகர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். கூம்பின் பரப்பைவிடப் பலகையின் பரப்பு பல மடங்கு பெரிது என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் காதுக்கு எட்டிவிடும்.

காற்றின் நோய்க்குப் பஞ்சு மருந்து. பலகையின் நோய்க்கு அது உதவாது. எவ்வளவு பஞ்சைத் திணித்தாலும் பலகையின் ஆட்டம் குறையாது. கனமான தார்ப் படலத்தை ஒட்டினாலும் நின்ற அலை ஒழியாது. வீட்டில் செய்யும் பெட்டிகளில் காணும் தவறுகளில் பெரும்பகுதி, ஒரு நோயின் மருந்தை மற்றதற்குக் கொடுப்பதால் வருவது.

இன்னொரு எதிர்பார்ப்பையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்கள் ஒரே சுவரைப் பகிர்ந்து வரிசையாக நிற்கின்றன. பெட்டிக்குள் பஞ்சு போட்டால் பக்கத்துக் காம்பராவுக்குச் சத்தம் போகாது என்று நினைப்பவர்கள் உண்டு. கூம்பிலிருந்து வெளியே வந்துவிட்ட ஒலியைப் பெட்டிக்குள் இருக்கும் பஞ்சு எதுவும் செய்யாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிப் பயன்பாட்டுக்கு உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் கட்டுப்பாடு விதித்தது. லயத்து வாழ்க்கைக்கு அந்தத் தீர்ப்புக்கு முன்பே வேறொரு நியாயம் இருந்தது: அடுத்த காம்பராவில் காலை ஐந்து மணிக்கு எழ வேண்டியவர் தூங்குகிறார். பெட்டியைப் பொதுச் சுவரிலிருந்து விலக்கி, ரப்பர்க் கால்களில் நிறுத்தி, சத்தத்தைக் குறைத்து வைப்பதே அங்கே உதவும். குறைந்த சத்தத்திலும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதால்தான் தணிப்புப் பொருளைச் சரியாகத் தேர்வது அங்கே இன்னும் முக்கியமாகிறது.

காற்றை அடக்கும் பொருட்கள்

நார்ப்பொருள் ஒலியை விழுங்குவது உராய்வினால். ஒலி என்பது காற்றின் முன்பின் ஆட்டம். அந்த ஆட்டம் ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளுக்கிடையே நுழைந்து வரும்போது அதன் சக்தி சிறிது சிறிதாக வெப்பமாகிறது. காற்று எங்கே அதிகம் ஆடுகிறதோ அங்கே நார் அதிகம் வேலை செய்யும் என்பது இதிலிருந்து வரும் முக்கியமான முடிவு. சுவரை ஒட்டியுள்ள காற்று ஆட இடமில்லாமல் நிற்கிறது. சுவரிலிருந்து அலைநீளத்தின் காற்பங்கு தள்ளித்தான் ஆட்டம் உச்சம் பெறும். 430 ஹேர்ட்ஸின் அலைநீளம் 80 சென்ரிமீற்றர், காற்பங்கு 20. நம் 40 சென்ரிமீற்றர் பெட்டியில் அது சரி நடுப்பகுதி. சுவரெல்லாம் ஒரு சென்ரிமீற்றர் ஃபோம் ஒட்டிவிட்டு நடுவை வெறுமையாக விடும் வழக்கம் ஏன் ஏமாற்றுகிறது என்பது இப்போது விளங்கும். நார்ப்பொருள் பெட்டியின் நடுவில் இருக்க வேண்டும்.

மூடிய பெட்டியில் பஞ்சுக்கு இரண்டாவது பயன் ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளோஸும் 1954இல் ஏ.ஆர்.-1 என்ற சிறிய பெட்டியை வெளியிட்டார்கள். அதுவரை ஆழ்ந்த பேஸ் வேண்டுமென்றால் அலுமாரி அளவு பெட்டி வேண்டும் என்ற நிலை. அவர்கள் பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாகப் பயன்படுத்தி, உள்ளே கண்ணாடிப் பஞ்சை நிரப்பினார்கள். காற்று அமுங்கும்போது சூடாகிறது. இழைகள் அந்தச் சூட்டை வாங்கி, விரியும்போது திருப்பித் தருகின்றன. வில் மென்மையாகி, பெட்டி இருப்பதைவிடப் பெரிதாக நடந்துகொள்கிறது. கணக்குப்படி இந்த லாபத்தின் எல்லை 40 வீதம். நடைமுறையில் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும்.

எவ்வளவு போடுவது? லீற்றருக்கு 8 முதல் 16 கிராம் வரை என்பது மூடிய பெட்டிக்கு நெடுங்காலமாக வழங்கும் அளவு. 30 லீற்றர் பெட்டிக்கு 240 முதல் 480 கிராம். இறுக்கித் திணித்தால் பஞ்சே ஒரு கட்டியாகிக் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்டி பெரிதாவதற்குப் பதில் சிறிதாகும். குழாய் வைத்த பெட்டிக்கு விதி வேறு. குழாயின் வழியே காற்று தடையின்றி ஓடினால்தான் அதன் பேஸ் வரும். அங்கே பின்பலகை, மேற்பலகை, ஒரு பக்கப் பலகை ஆகியவற்றில் தடித்த விரிப்பாகப் பொருத்தி, குழாயின் உள்வாயைச் சுற்றி வெறுமையாக விட வேண்டும்.

இனி பொருட்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தலையணையில் அடைக்கும் பொலியெஸ்டர் பஞ்சு எந்த நகரத்து மெத்தைக் கடையிலும் கிடைக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் குளிராடைகளுக்கு வைக்கும் பொலியெஸ்டர் விரிப்பின் வெட்டுத் துண்டுகளும் இதே இனம். தன் எடையில் ஒரு வீதத்துக்கும் குறைவாகவே ஈரம் குடிக்கும். பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. உதறிப் பிரித்தால் சீராகப் பரவும். அதன் இழைகள் கண்ணாடிப் பஞ்சின் இழைகளைவிடத் தடித்தவை என்பதால் அதே எடைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விழுங்கும். அந்தக் குறையை அளவைச் சற்றுக் கூட்டி ஈடு செய்யலாம்.

இலவம் பஞ்சின் இழை அருமையானது. உள்ளே குழாய்போல் வெறுமையானது, மெழுகுத் தோல் கொண்டது, தண்ணீரை விலக்குவது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மேலங்கிகளில் அடைத்தார்கள். மெல்லிய இழை என்பதால் ஒலியையும் நன்றாக விழுங்கும். சீன ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட அளவீடுகளும் இதையே காட்டின. இரண்டு குறைகள் உண்டு. வழுவழுப்பான இழையாதலால் மாதக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து பெட்டியின் அடியில் போய்ப் படிந்துவிடும். மெல்லிய துணியில் மெத்தைபோல் தைத்துத் தொங்கவிட்டால்தான் நிற்கும். தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்வது இரண்டாவது.

ஆட்டு ரோமத்துக்கு ஒலிபெருக்கி வரலாற்றில் தனி இடம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஆர்தர் பெய்லி 1965 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட நீண்ட பாதைப் பெட்டி, நீள் இழை ரோமத்தை நிரப்பித்தான் பின்னொலியை விழுங்கியது. நார்ப்பொருள் பெட்டிக்குள் எப்படி நடந்துகொள்கிறது என்று எல். பிராட்பரி 1976இல் கணித வழியில் ஆராய்ந்ததும் அந்தப் பாதையில்தான். மலையகத்தில் ரோமம் என்றால் கம்பளி. மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தவர்களின் தலையையும் முதுகையும் மூடிய முரட்டுக் கம்பளி, இழைகள் சிக்கித் திரண்ட நல்ல ஒலியுறிஞ்சி. கிழிந்து ஒதுக்கிய ஒரு கம்பளியை இரண்டு மூன்று மடிப்பாகப் பின்பலகைக்கு முன்னால் சிறிது இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால், கடையில் விலைகொடுத்து வாங்கும் தடித்த ஃபெல்டுக்கு அது இளைத்ததல்ல. ரோமம் தன் எடையில் மூன்றிலொரு பங்குவரை காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கக்கூடியது, அந்துப்பூச்சியும் விரும்பும். துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே போக வேண்டும்.

தென்னந்தும்பு இலங்கையின் சொத்து என்பதால் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அதன் இழை இலவ இழையைப்போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் தடித்தது. தடித்த இழைகளுக்கிடையே காற்று உரசாமல் நழுவிவிடும். மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தும்பு விரிப்புகளை வரிசையாக அளந்தபோது, உயர்ந்த சுரங்களில் நன்றாகவும் தாழ்ந்த சுரங்களில் குறைவாகவும் விழுங்குவதைக் கண்டார்கள். தடிப்பைக் கூட்டியும் பின்னால் காற்றிடைவெளி விட்டும்தான் நிலைமை தேறியது. ரப்பர்ப் பால் தெளித்த தும்பு மெத்தைத் துண்டு கிடைத்தால் ஐந்து சென்ரிமீற்றருக்குக் குறையாத தடிப்பில் வைத்து, மேலே ஒரு கம்பளித் துண்டை விரிக்கலாம். ரப்பர் தும்பை உதிராமல் பிடித்துக்கொள்ளும் என்பது அதன் சிறப்பு. உதிரித் தும்பைத் திணித்தால் தூசி கூம்பின் சுருளுக்குள் போய் ஸ்பீக்கரையே கெடுத்துவிடும்.

குஷன் கடைகளில் கிடைக்கும் ஃபோமில் வாயால் ஊதிப் பார்த்தால் காற்று மறுபக்கம் வர வேண்டும். வராத ஃபோம் ஒலியையும் உள்ளே விடாது. பொருட்களைப் பொதிந்து வரும் ரெஜிஃபோம் இந்த இரண்டாவது வகை. அடைபட்ட குமிழிகளால் ஆனது, ஸ்பீக்கர் பெட்டிக்குள் பயனற்றது. முட்டைத் தட்டும் அப்படியே. அதன் மேடுபள்ளம் சென்ரிமீற்றர் கணக்கில் இருக்க, அடக்க வேண்டிய அலையின் நீளமோ அரை மீற்றரும் அதற்கு மேலும்.

கண்ணாடிப் பஞ்சும் பாறைப் பஞ்சும் விழுங்கும் திறனில் முன்வரிசையில் நிற்பவை. தீயும் பிடிக்காது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2002இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கட்டடக் காப்புக்குப் பயன்படும் இவ்விரண்டையும் புற்றுநோயூட்டி என்று வகைப்படுத்த முடியாதவற்றோடு சேர்த்தது. ஆனாலும் தோலை அரிக்கும், மூச்சுக்குழாயை உறுத்தும். ஒரே காம்பராவில் சமையலும் தூக்கமும் குழந்தையின் விளையாட்டும் நடக்கும் வீட்டில் அதை வெட்டிப் பிரிப்பது சரியல்ல. வெளியில் வைத்து, முகமூடியும் கையுறையும் அணிந்து வெட்டி, துணிப் பையில் தைத்து மூடியே உள்ளே வைக்க வேண்டும். லயக்கூரைகளிலிருந்து உடைந்து விழும் அஸ்பெஸ்டஸ் தகட்டை எந்தப் பெயரிலும் பெட்டிக்குள் கொண்டுவரக் கூடாது; அஸ்பெஸ்டஸ் எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்பது உறுதியானது.

பலகையை அடக்கும் பொருட்கள்

பலகைக்குச் செய்யக்கூடியவை மூன்று: விறைப்பாக்குதல், கனமாக்குதல், அதன் ஆட்டத்தை விழுங்குதல். தடிப்பை இரண்டு மடங்காக்கினால் பலகை பரிவுறும் மீடிறனும் இரண்டு மடங்காகும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தாலும் அது ஏறும். ஆனால் இவை நோயை இடம் மாற்றுகின்றனவே தவிர அழிப்பதில்லை. காது மந்தமாக இருக்கும் தாழ்ந்த சுரத்திலிருந்து, காது கூர்மையாக இருக்கும் நடுச் சுரத்துக்குப் பரிவு போய்விடவும் கூடும்.

இதை முறையாகச் சோதித்தது பி.பி.சி.யின் ஆய்வுப் பிரிவு. எச். டி. ஹார்வூடும் ஆர். மத்யூஸும் 1977இல் வெளியிட்ட அறிக்கை பெட்டிச் சுவர்களைப் பற்றியதுதான். மெல்லிய பிளைவூட்டின் உட்புறத்தில் தணிப்புப் படலத்தைக் கனமாக ஒட்டுவது, வெறும் தடித்த பலகையைவிட நல்லது என்ற வழியை அந்த நிறுவனம் பின்பற்றியது. ஒலிபரப்பு வண்டிகளுக்காக அவர்கள் செய்த எல்.எஸ். 3/5ஏ என்ற ஐந்து லீற்றர் அளவிலான சிறு பெட்டி 12 மில்லிமீற்றர் பேர்ச் பிளைவூட்டால் ஆனது. உள்ளே தார் கலந்த தகடுகள் ஒட்டப்பட்டன. அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் பெட்டியைத் தேடி வாங்குவோர் இருக்கிறார்கள்.

பதுளையில் இதற்கு ஈடாகக் கிடைப்பவை கூரை ஒழுக்குக்கு ஒட்டும் தார்த் தகடும், வாகனங்களின் கதவுக்குள் ஒட்டும் தணிப்புத் தகடும். மெல்லிய பூச்சாகப் பூசிய தார் பயன் தராது. படலத்துக்குத் தடிப்பும் எடையும் வேண்டும். பலகையின் ஓரங்களைவிட நடுவில் ஆட்டம் அதிகம் என்பதால், வாங்கியது குறைவாக இருந்தால் நடுப்பகுதிக்கே முதலிடம். தகரக் கூரையின் கீழ், மதிய வெயிலில் தார் இளகும். ஆகவே ஒட்டியதோடு விடாமல் சிறு ஆணிகளாலோ சட்டங்களாலோ விளிம்புகளைப் பிடித்துவைப்பது நல்லது.

ரப்பர் பற்றி ஒரு தெளிவு தேவை. ஊவாவின் மொனராகலைப் பக்கம் ரப்பர் பயிராகிறது. இயற்கை ரப்பர்த் தகடு கிடைப்பதும் எளிது. ஆனால் இயற்கை ரப்பர் துள்ளும் பொருள்: வாங்கிய சக்தியில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். அதிர்வை விழுங்க வேண்டிய இடத்துக்கு அது பொருந்தாது. வாகன டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை. அது துள்ளாத இனம். சக்தியைத் தனக்குள்ளேயே வெப்பமாக்கிக்கொள்ளும். டயர் கடையில் கழித்துப் போட்ட பியூட்டைல் டியூப் புதிய இயற்கை ரப்பர்த் தகட்டைவிட மேலானது. அதை ஆறு மில்லிமீற்றர் பிளைவூட் இரண்டுக்கு நடுவே வைத்துத் தொடுபசையால் முழுப்பரப்பிலும் ஒட்டினால், பலகை வளையும்போதெல்லாம் நடுவிலுள்ள ரப்பர் இழுபட்டு ஆட்டத்தைத் தின்றுவிடும். இரண்டு பலகைகளையும் ஊடுருவி ஆணி அடித்தால் இந்த இழுப்பு நின்று, செய்த வேலை வீணாகும். காய்ந்தால் கல்லாகும் வெள்ளைப் பசையும் இதற்கு ஆகாது.

மணலும் பழைய மருந்துதான். யோர்க்‌ஷயரில் வார்ஃப்டேல் நிறுவனத்தைத் தொடங்கிய கில்பேர்ட் பிரிக்ஸ் 1950களில் இரு பிளைவூட் தகடுகளுக்கிடையே உலர்ந்த மணலை நிரப்பிப் பலகை செய்தார். 1954இல் லண்டன் ரோயல் ஃபெஸ்டிவல் அரங்கில் நேரடி இசையையும் ஒலிப்பதிவையும் மாறி மாறிக் கேட்கச் செய்து பெயர் பெற்றவர் அவர். மணலின் துகள்கள் ஒன்றோடொன்று உரசி அதிர்வைக் கொன்றுவிடுகின்றன. எடைதான் தடை. நம் 30 லீற்றர் பெட்டியின் சுவர்ப் பரப்பு ஏறத்தாழ 0.6 சதுர மீற்றர். இரண்டு சென்ரிமீற்றர் மணல் என்றால் 12 லீற்றர். எடை 19 கிலோகிராம். சோடிப் பெட்டிக்கு 38 கிலோ. தார் ரோட்டிலிருந்து மேல் லயத்துக்குப் படியேறும் வீட்டுக்கு இது சிந்திக்க வேண்டிய கணக்கு. வீட்டை விட்டு நகராத பெட்டிக்கு, கழுவி, தகரத்தில் வறுத்து ஆறவைத்த ஆற்று மணல் ஏற்றது. ஈர மணல் கட்டியாகிவிடும். கடல் மணலின் உப்பு ஆணியைத் தின்னும்.

ஈரமும் எலியும் தீயும்

இவ்வளவும் எந்த நாட்டு நூலிலும் இருக்கக்கூடியவை. ஊவா தன் பங்குக்கு மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கிறது.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நீளும் மழையில் இங்கே துணி காய நாட்கணக்காகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் உலர்ந்த கச்சான் காற்று கொழுந்துக்கு உலகம் புகழும் வாசனையைத் தருகிறது. மரத்தையோ உலர்த்திப் பிளக்கிறது. இந்த ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்போது முழு மரப்பலகை உப்பிச் சுருங்கி மூட்டு விடுகிறது. தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் கிரெவிலியாப் பலகையில் அடித்த பெட்டியானால் மூட்டுகளை ஆண்டுக்கொரு முறை பார்த்து அடைக்க வேண்டும். காற்றுக் கசியும் பெட்டிக்குள் எந்தப் பஞ்சும் பயன் தராது. எம்.டி.எஃப். பலகை வெட்டிய ஓரங்களில் ஈரம் குடித்து ஊதிவிடும்; அந்த ஓரங்களைப் பெயின்ற் பூசி மூடாமல் விடக் கூடாது. பருத்திப் பஞ்சும் சாக்கும் பூஞ்சணத்துக்கு முதல் இரை. ஃபோமும் ஈர வெப்பத்தில் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து மாவாக உதிரும்.

குழாய் வைத்த பெட்டி எலிக்குத் திறந்த வாசல். உள்ளே தும்பும் இலவமும் இருந்தால் கூடு கட்ட வேறு எதையும் அது தேட வேண்டியதில்லை. குழாயின் உள்வாயில் கம்பிவலை பொருத்துவது சிறு வேலை. எலிக்காய்ச்சல் உள்ள நாட்டில் தவிர்க்கக் கூடாத வேலை.

தீயைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு காம்பராவில் பிடித்த தீ கூரையின் பழைய மரச்சட்டங்கள் வழியே முழு லயத்தையும் எடுத்துக்கொண்ட செய்தியைப் படிக்காத ஆண்டு மலையகத்துக்கு இல்லை. அம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால், நடுவில் பலகைத் தடுப்பு வைத்து, நார்ப்பொருள் எதுவும் அம்ப்பின் சூட்டைத் தொடாமல் பிரிக்க வேண்டும். கம்பளி எளிதில் பற்றாது, பற்றினாலும் தானாக அணைய முயலும். பருத்தியும் இலவமும் அப்படியல்ல. பொலியெஸ்டர் உருகிச் சொட்டும். ஃபோமின் புகை நஞ்சு. விலையையும் ஒலியையும் எடைபோடும் அதே தராசில் இதையும் வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்டோரிலிருந்து ஒரு பொருள்

தோட்டத்து ஸ்டோரில் தேயிலையைத் தரம் பிரிக்கும்போது காம்பும் நாரும் கழிவாக ஒதுங்குகின்றன. கருங்கடல் கரையில் தேயிலை விளையும் துருக்கியில் செஸ்கின் எர்சோய், ஹாலுக் கூச்சுக் என்ற இருவர் இந்தக் கழிவு நாரை 10, 20, 30 மில்லிமீற்றர் தடிப்பில் அடுக்கி ஒலியுறிஞ்சும் திறனை அளந்து 2009இல் வெளியிட்டார்கள். பின்னால் ஒரு துணி வைத்த 10 மில்லிமீற்றர் தேயிலை நார், ஆறு மடிப்பு நெசவுத் துணிக்கு ஏறத்தாழச் சமமாக விழுங்கியது. 20 மில்லிமீற்றர் தடிப்பில், 500 முதல் 3200 ஹேர்ட்ஸ் வரை, தொழிற்சாலையில் செய்த செயற்கை நார் விரிப்போடு கிட்டத்தட்ட நிகராக நின்றது. நம் மாதிரிப் பெட்டியில் தொல்லை தரும் 570உம் 690உம் இந்த எல்லைக்குள் அடங்குகின்றன.

இதைப் படித்துவிட்டுச் சாக்கோடு ஸ்டோர் வாசலுக்குப் போக முடியாது. இலங்கையில் கழிவுத் தேயிலை நல்ல தேயிலையோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ளது. அனுமதியின்றி வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். தேயிலை நார் ஈரத்தையும் ஆவலோடு குடிக்கும். பிசினோ ரப்பர்ப் பாலோ கலந்து தகடாக்கி, பூஞ்சணம் பிடிக்காமல் பதப்படுத்தினால்தான் பெட்டிக்குள் நிற்கும். அது தனியொருவர் வேலையல்ல. ஆனால் அதைச் செய்யத் தேவையானவை ஊவாவிலேயே இருக்கின்றன. பதுளையில் 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப் பாடமாகவே கற்பிக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிராந்திய நிலையம் பசறையில் இருக்கிறது. ரப்பர்ப் பால் மொனராகலையில் கிடைக்கும். துருக்கியர் அளந்த பொருளை மலையகப் பிள்ளைகள் தம் மலையின் நாரைக் கொண்டு அளந்து பார்ப்பது அடையக்கூடிய ஆசைதான்.

தேர்ந்ததைச் சோதிப்பது

பஞ்சின் அளவைக் காதால் மட்டும் முடிவு செய்ய வேண்டியதில்லை. 100 ஓம் தடையொன்றை ஸ்பீக்கரோடு தொடராக இணைத்து, கைபேசியில் சுரம் எழுப்பும் செயலியை அம்ப்பில் கொடுத்து, ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் மல்டிமீற்றரை மாறுமின் வோல்ட் அளவில் வைத்தால் போதும். மீடிறனை 30 ஹேர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றும்போது எங்கே வோல்ட் உச்சம் காட்டுகிறதோ அதுவே பெட்டியோடு சேர்ந்த ஸ்பீக்கரின் பரிவு. ஐம்பது ஐம்பது கிராமாகப் பஞ்சைச் சேர்த்துக்கொண்டே அளந்தால் அந்த எண் இறங்கிவரும். ஒரு கட்டத்தில் இறங்குவது நின்று ஏறத் தொடங்கும். அதற்கு முந்திய எடையே அந்தப் பெட்டிக்கு எல்லை. பலகைக்கு இன்னும் எளிய சோதனை: பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே உலர்ந்த உப்புத் தூவி, சுரத்தை ஏற்றிக்கொண்டே போனால், உப்புத் துள்ளும் இடமும் மீடிறனும் எங்கே தகடு ஒட்ட வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்து, எட்டு அங்குல ஸ்பீக்கருக்கு ஊவாவில் ஒரு மூடிய பெட்டி செய்வதானால் இப்படி அமையும். 12 மில்லிமீற்றர் பிளைவூட். பக்கப் பலகைகளை இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம். ஒவ்வொரு பலகையின் நடுவிலும் தார்த் தகடு. பின்பலகைக்கு இரண்டு சென்ரிமீற்றர் முன்னால் இரு மடிப்புக் கம்பளி. நடுவெளியில் உதறிப் பிரித்த 300 கிராம் பொலியெஸ்டர் பஞ்சு, ஸ்பீக்கரின் பின்புறத்தில் விழாதபடி மெல்லிய வலைத்துணிக்குள். பின்பலகை ஒட்டப்படாமல் ரப்பர்ப் பட்டியின் மேல் திருகாணியால் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கம்பளியை உள்ளே வைக்குமுன் கடைத் தராசில் நிறுத்து, அந்த எடையைப் பின்பலகையின் உட்புறம் பென்சிலால் எழுதிவைக்கலாம். பெப்ரவரியில் மழை ஓய்ந்ததும் பலகையைக் கழற்றி, கம்பளியை மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும். எழுதிய எண்ணைவிட எடை கூடியிருந்தால் அந்த மிகுதி தண்ணீர்; இஸ்தோப்பில் வெயில் விழும் பக்கம் கம்பளியைக் கொடியில் போட்டு, பழைய எடைக்கு வந்த பிறகு மறுபடி உள்ளே வைக்கலாம்.